விமானிக்கு வாக்குச்சீட்டு, நமக்கு வெறும் கைதட்டலா?

"விமானம் ஓட்டுகிறவன் இலட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறான். அவன் வேலைநிறுத்தம் செய்தால் என்ன, செய்யாவிட்டால் நமக்கென்ன?"

வெளிநாட்டு விமானிகளின் போராட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தோட்டத்தில் முதலில் வருகிற பதில் இதுதான். இந்தக் கேள்வியைக் கேட்பவர் மேல் நமக்குக் கோபமில்லை. ஒரு பேருக்காக நாள் முழுவதும் மலையேறி இறங்குகிற ஒருவரிடம், சொந்த வீடும் காரும் உள்ளவனுக்காக இரக்கப்படச் சொல்ல முடியாது. இரக்கப்படச் சொல்லவும் இல்லை. அவனுடைய சம்பளத் தொகையைப் பார்க்காதீர்கள். அந்தத் தொகையை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பதைப் பாருங்கள். நமக்குள்ள பாடம் அங்கேதான் இருக்கிறது.

எழுபத்திரண்டு மணித்தியாலம்

2024 ஓகஸ்டில் கனடாவின் மிகப் பெரிய விமானக் கம்பனியான எயார் கனடாவின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்வதா என்று வாக்களித்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளைக் கொண்ட சங்கம் அது. வாக்களித்தவர்களில் 98 சதவீதமானோர் "செய்வோம்" என்றார்கள். பேச்சுவார்த்தை ஓராண்டைத் தாண்டி இழுபட்டிருந்தது. செப்டெம்பர் நடுப்பகுதியில் 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுக்கும் உரிமை சங்கத்துக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமான பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்பனி, அரசாங்கம் தலையிட வேண்டும் என்று கேட்டது. வர்த்தகச் சம்மேளனங்களும் அதையே கேட்டன. அந்த முறை பிரதமர் ட்ரூடோ மறுத்தார். இரு தரப்பும் மேசையில் தீர்த்துக்கொள்ளட்டும் என்றார்.

அரசாங்கம் காப்பாற்ற வராது என்று தெரிந்ததும் கம்பனி இறங்கி வந்தது. செப்டெம்பர் 15ஆம் திகதி இணக்கம் ஏற்பட்டது. ஒரு விமானமும் நிற்கவில்லை. நான்கு ஆண்டுகளில் மொத்தமாக 42 சதவீதத்தை நெருங்கிய உயர்வு. அதுவும் பழைய ஒப்பந்தம் முடிந்த 2023 செப்டெம்பரிலிருந்து கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது.

நம்முடைய தொழிற்சங்க வரலாற்றில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். தலைவருக்கு மாலை, மேடை, பட்டாசு. அங்கே கதை முடியவில்லை. "இணக்கம்" என்பது வெறும் வரைவுதான். அதை முழுவதுமாக அங்கத்தவர்களிடம் கொடுத்தார்கள். படித்தார்கள், கேள்வி கேட்டார்கள், திட்டினார்கள், பிறகு வாக்களித்தார்கள். ஒக்டோபர் 10ஆம் திகதி முடிவு வந்தது: ஏற்றுக்கொண்டவர்கள் 67 சதவீதம்.

அப்படியென்றால் மூன்றில் ஒருவர் "இது போதாது" என்று எழுதிக் கொடுத்தார். அவர்களுக்குக் காரணம் இருந்தது. புதிதாகச் சேரும் விமானிக்கு முதல் நான்கு ஆண்டுகள் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நிலையான சம்பளம் என்ற பழைய ஏற்பாட்டை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்பந்தம் அதை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்ததோடு நின்றுவிட்டது. இளையவர்களை விட்டுக்கொடுத்து மூத்தவர்களுக்கு வாங்கியதாக அவர்கள் கருதினார்கள். தோற்றுப்போன அந்த மூன்றில் ஒரு பங்கும் எண்ணிப் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை பேச்சு மேசையில் அமரும் எந்தத் தலைவரும் அந்த எண்ணை மறக்க முடியாது.

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அந்த விமானிகள் பிறவியிலேயே சந்தேகக்காரர்கள் அல்லர். அடிபட்டுப் படித்தவர்கள். 2012இல் அவர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபோது கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அதைத் தடுத்தது. பிரச்சினை நடுத்தீர்ப்புக்குப் போனது. நடுத்தீர்ப்பாளர் கம்பனி கொடுத்த இறுதி யோசனையையே தெரிவு செய்தார். அதன்பின் 2014இல் அன்றைய சங்கம் பத்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. எல்லைக்கு அப்பால் அமெரிக்க விமானிகளின் சம்பளம் ஏறிக்கொண்டே போனபோது இவர்கள் பத்தாண்டுக் கயிற்றில் கட்டுண்டு கிடந்தார்கள்.

அப்போது என்ன செய்தார்கள்? "எல்லாச் சங்கமும் ஒன்றுதான்" என்று சந்தாவை வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. தங்கள் தனிச் சங்கத்தை வட அமெரிக்க விமானிகளின் பெரிய சங்கத்தோடு 2023இல் இணைத்தார்கள். ஒப்பந்தத்தைத் திறந்து புதிதாகப் பேச வைத்தார்கள். அவர்களுடைய அவநம்பிக்கை சங்கத்துக்குள் வேலை செய்தது.

"நிராகரித்தால் உள்ளதும் போய்விடும்"

இந்த வசனத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அமெரிக்காவின் யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானிகளும் கேட்டார்கள்.

2022 நடுப்பகுதியில் அவர்களுடைய சங்கத் தலைமை கம்பனியோடு ஒரு வரைவு ஒப்பந்தத்துக்கு வந்தது. பதினெட்டு மாதங்களில் ஏறத்தாழ 14.5 சதவீத உயர்வு. கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பனிகளில் முதலில் முடிந்த பேச்சு என்று புகழ்ந்தார்கள். அங்கத்தவர்கள் கணக்குப் போட்டார்கள். விலைவாசி ஏறிய வேகத்துக்கு இது ஈடாகுமா? விமானி கிடைக்காமல் கம்பனிகள் அலைகிற நேரத்தில் இவ்வளவுதானா? 2022 நவம்பர் 1ஆம் திகதி முடிவு வெளியானது. வாக்களித்தவர்களில் 94 சதவீதமானோர் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். சொந்தத் தலைமை கொண்டுவந்த ஒப்பந்தத்தை!

உள்ளது போய்விட்டதா? இல்லை. ஒரு வருடமும் முடிவதற்கு முன் அதே கம்பனி புதிய ஒப்பந்தத்தோடு வந்தது. நான்கு ஆண்டுகளில் 40 சதவீதம் வரையான உயர்வு. 2023 செப்டெம்பர் இறுதியில் அதை 97 சதவீதமானோர் ஏற்றார்கள். இடையில் டெல்டா கம்பனி விமானிகள் 99 சதவீத வேலைநிறுத்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு 34 சதவீதம் வாங்கியிருந்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் விமானி வேலைநிறுத்தம் செய்வது மிகக் கடினம். அரசாங்க மத்தியஸ்த சபை விடுவிக்க வேண்டும், பிறகு முப்பது நாள் பொறுத்திருக்க வேண்டும். எப்போது வேலைநிறுத்தம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நாட்டில், "இல்லை" என்ற ஒரு சொல் அவர்களுக்கு அதைப் பெற்றுக் கொடுத்தது.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. வானமேறுகிற எல்லாப் போராட்டமும் வெற்றியில் இறங்குவதில்லை. 1989இல் அவுஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீத உயர்வு கேட்டார்கள். ஹோக்கின் தொழிற்கட்சி அரசாங்கம் எதிர்த்து நின்றது. வழக்குகளிலிருந்து தப்பவென்று ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட விமானிகள் ஒரே நாளில் இராஜினாமாச் செய்தார்கள். கம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. வேலையை விட்டவன் தொழிலாளியே இல்லை என்றாகிவிட்டது. விமானப்படை விமானங்கள் பயணிகளை ஏற்றின, வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாட்டின் தொழிற்சங்க சம்மேளனம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. பெரும்பாலானோர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. மற்றத் தொழிலாளர்களிடமிருந்து ஒதுங்கி நின்ற சங்கம், திரும்பி வர வழியில்லாத ஒரு முடிவு: இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே வாக்கு மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. வாக்கு இல்லாமல் எதுவும் போதாது என்கிறோம்.

இனி நம் கதை

2015 மார்ச்சில் நம் கூட்டு ஒப்பந்தம் முடிந்தது. அடுத்தது 2016 ஒக்டோபர் 18ஆம் திகதிதான் கைச்சாத்தானது. இடையில் ஒன்றரை வருடம். எயார் கனடா விமானிக்கு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து நிலுவை கிடைத்தது. நமக்கு அந்த ஒன்றரை வருட நிலுவை கிடைக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30 எல்லாம் சேர்த்து 730.

பிறகு 1,000 ரூபா கோரிக்கை எழுந்தது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலை நிறைத்தார்கள். டிசம்பரில் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. கொழுந்து முற்றத் தொடங்கியது. தொழிற்சாலை ஓய்ந்தது. சில நாட்களில், மேலிடத்தில் வாக்குறுதி கிடைத்ததாகச் சொல்லி அது நிறுத்தப்பட்டது. நிறுத்தலாமா என்று பெரட்டுக்களத்தில் நின்ற யாரிடமாவது கேட்டார்களா?

2019 ஜனவரி 28ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. "அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆகிவிட்டது, 40 சதவீத உயர்வு" என்று பெருமைப்பட்டார்கள். வரவுக் கொடுப்பனவு போய்விட்டது. உற்பத்தித்திறன் கொடுப்பனவும் போய்விட்டது. விலைப்பங்கு 50 ரூபாவோடு மொத்தம் 750. ஊழியர் சேமலாப நிதிக்கான அடிப்படை உயர்ந்தது உண்மை. ஆனால் எல்லாக் கொடுப்பனவும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடியது இருபது ரூபா. ஆயிரம் கேட்டு வேலையை நிறுத்தியவளுக்கு இருபது ரூபா!

அந்த ஒப்பந்தத்தை வாக்குக்கு விட்டிருந்தால் 94 சதவீதம் "இல்லை" என்று வந்திருக்குமா என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. வாக்குக்கு விடவே இல்லை என்பதுதான் விடயம்.

2021இல் 1,000 ரூபா கிடைத்தது சம்பள நிர்ணய சபையின் ஊடாக. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. பல இடங்களில் கிலோ கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அது 1,350 ரூபா நாட்சம்பளமாகவும், கூடுதல் கிலோவுக்கு ஏற்ப 350 ரூபாவாகவும் பிரிந்து வந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அரசாங்கம் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவு 200 என்றும் அறிவித்தார்கள். கூடியது வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். நம் சம்பளம் வர்த்தமானியிலும் நீதிமன்றத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் தீர்மானமாகிறது. சங்கங்கள் படம் எடுத்துக்கொள்கின்றன. நாம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

மூன்று சாக்குகள்

நம் தலைவர்களிடம் இதைக் கேட்டால் மூன்று பதில் வரும்.

முதலாவது, "பேச்சுவார்த்தை இரகசியமானது." மேசையில் நடப்பதை ஒலிபெருக்கியில் போடும்படி யாரும் கேட்கவில்லை. கம்பனிக்குக் காட்டிய தாளை, அந்தத் தாளின்படி உழைக்கப் போகிறவளுக்குக் காட்டுவதில் என்ன இரகசியம்? கம்பனிக்குத் தெரியும், சம்மேளனத்துக்குத் தெரியும், அமைச்சருக்குத் தெரியும். தெரியாதவர்கள் நாம் மட்டும்தான்.

இரண்டாவது, "தொழிலாளிக்கு விளங்காது." நிறுவையில் எத்தனை கிலோ வந்தது, தண்ணீருக்கு எத்தனை கழித்தார்கள், மாத முடிவில் எத்தனை பேர், எத்தனை அரைப் பேர் என்று மனக்கணக்காகச் சொல்லுகிற பெண்ணுக்கு 730க்கும் 750க்கும் உள்ள வித்தியாசம் விளங்காதா? விளங்கிவிடும் என்பதால்தான் காட்டவில்லை.

மூன்றாவது, "சட்டத்தில் அப்படி இல்லை." கைத்தொழில் பிணக்குகள் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்கு அங்கத்தவர் வாக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு சங்கம் தன் யாப்பில் எழுதிக்கொண்டால் போதும். நல்லதைச் செய்யத் துரையிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

சந்தா வெட்டுவதும் பதில் ஆகாது

இதையெல்லாம் படித்துவிட்டு, "அதனால்தான் நான் சந்தாவை நிறுத்தினேன்" என்று ஒருவர் சொல்வார். அவர் கோபம் நியாயம். ஆனால் சந்தாவை நிறுத்தியதும் எந்தத் தலைவருக்குத் தூக்கம் போனது? ஒரு சங்கத்திலிருந்து வெட்டி இன்னொன்றுக்குக் கொடுப்பதும், அடுத்த வருடம் அங்கிருந்து வேறொன்றுக்குப் போவதும் நம் தோட்டங்களில் பழகிப்போன விளையாட்டு. கம்பனிக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. வெளியே போகிறவன் தலைமையை மாற்ற முடியாது. உள்ளே இருந்து கேட்கிறவனுக்குத்தான் தலைமை பயப்படும்.

2025 ஓகஸ்டில் அதே எயார் கனடாவின் விமானப் பணியாளர்கள் இதைக் காட்டினார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள். பயணிகளை ஏற்றி உட்கார வைக்கிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை; விமானம் நகர்ந்தால்தான் கணக்குத் தொடங்கும் என்பது அவர்களுடைய முறைப்பாடு. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நமக்கு இது புதிதா? அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே அரசாங்கம் வேலைக்குத் திரும்பக் கட்டளையிட்டது. சங்கம் மறுத்தது, தலைமை அங்கத்தவர்களோடு நின்றது, சில நாட்களில் இணக்கம் வந்தது. அந்த இணக்கத்தில் இருந்த சம்பளப் பகுதியை வாக்குக்கு விட்டபோது 99.1 சதவீதமானோர் நிராகரித்தார்கள். தலைமை துணிந்து நின்றது என்பதற்காக அங்கத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. தலைவரை மதிப்பதும் தாளைப் படிப்பதும் ஒன்றாக நடக்க முடியும்.

விமானியிடம் ஒரு பலம் உண்டு: அவனுக்குப் பதிலாள் உடனே கிடைக்காது. நம்மிடம் வேறொரு பலம் உண்டு: கொழுந்து காத்திருக்காது. ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றும், அது நல்ல தேயிலையாகாது. அந்தப் பலம் தலைவரின் சட்டைப்பையில் இருக்கும் பொருள் இல்லை. பறிக்கிற கைகளுக்குச் சொந்தமானது. அதை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பதை அந்தக் கைகளே சொல்ல வேண்டும்.

நாம் கேட்பது நான்கு

ஒன்று: எந்தச் சம்பள இணக்கமும், கைச்சாத்தாகும் முன், தமிழில் முழுமையாக ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் வர வேண்டும். சுருக்கம் வேண்டாம், தாளே வேண்டும்.

இரண்டு: பெரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டி, கேள்விக்கு இடம் கொடுத்து, இரகசிய வாக்கு எடுக்க வேண்டும். எண்ணிக்கையைத் தோட்டம் தோட்டமாக வெளியிட வேண்டும். கை தூக்கச் சொல்வது வாக்காகாது. கங்காணி பார்க்க, தலைவர் பார்க்க யார் கையை இறக்குவார்?

மூன்று: வேலைநிறுத்தத்தைத் தொடங்க எவருடைய சம்மதம் தேவையோ, நிறுத்தவும் அவர்களுடைய சம்மதம் தேவை.

நான்கு: சந்தாக் கணக்கு. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட அங்கத்தவருக்கு யாப்பில் இடம் இருக்க வேண்டும். அந்த உரிமை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு முறையாவது போய்க் கேளுங்கள்.

இந்த நான்கையும் மற்றச் சங்கங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நம் சங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் யாப்பிலும் ஒப்பந்தத்துக்கு வாக்கு என்று எழுதப்பட வேண்டும். வருகிற மாநாட்டில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரும் பொறுப்பு தோட்டக் கமிட்டிகளுக்கு உண்டு. மாவட்டத் தலைவர் முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் பெண்களாக இருக்கும் தோட்டத்தில் தீர்மானத்தை எழுப்ப ஒரு தலைவியே எழுந்து நிற்கட்டும்.

நல்ல தலைவருக்கு இதனால் நட்டம் ஒன்றும் இல்லை. "என் பின்னால் இத்தனை ஆயிரம் பேர் வாக்களித்து நிற்கிறார்கள்" என்று சொல்லிக் கம்பனியின் முன் உட்கார அவருக்குத் தைரியம் வரும். பயப்பட வேண்டியவர், அந்த எண்ணைக் காட்ட முடியாதவர் மட்டுமே.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அடுத்த ஒப்பந்தத்தை எங்களுக்குக் காட்டுவீர்களா, மாட்டீர்களா?" பதிலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.